பற்றாசு பிடிக்காத காலின் கதை



போன வாரம் மாணவன் ஒருவன் பழைய ரேடியோவில் கழற்றிய ட்ரான்சிஸ்டர் ஒன்றைக் கொண்டுவந்தான். தகரக் குல்லா போட்ட பழைய வகை. பற்றாசு பிடித்தால் ஈயம் உருண்டு விழுகிறதாம். பிளேடால் கால்களைப் பளபளவெனச் சுரண்டியும் பலனில்லை. "என்ட கை சரியில்ல சேர்" என்றான். பிழை கையில் இல்லை. அந்தக் காலின் வரலாறு மின்குமிழில் தொடங்குகிறது.

கண்ணாடிக்குள் கம்பி நுழையும் இடத்தில் இரண்டும் சூட்டில் ஒரே அளவில் விரிய வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடி வெடிக்கும், காற்று புகும், இழை எரிந்துபோகும். செம்பு சாதாரணக் கண்ணாடியைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். அதனால் 1879இல் எடிசன் பிளாட்டினக் கம்பியைப் பயன்படுத்தினார். கண்ணாடியோடு அது ஒத்துப்போனது. ஆனால் விலை தாங்கவில்லை.

மலிவான மாற்றுக்கு வழி திறந்தவர் சுவிஸ் நாட்டில் பிறந்த கியோம். நிக்கல் உருக்குகளை ஆராய்ந்த அவர், 46 சதவீத நிக்கல் சேர்த்தால் உருக்கு பிளாட்டினத்தைப் போலவே விரியும் என்று காட்டினார். அந்த ஆராய்ச்சிக்கு 1920இல் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது. பிறகு ஜெனரல் எலக்ட்ரிக்கில் கொலின் ஃபிங்க், நிக்கல் இரும்புக் கம்பிக்குச் செம்புறை போட்டு 'டூமெட்' செய்தார். 1930களில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்திலிருந்து 'கோவார்' வந்தது: நிக்கல் 29, கோபால்ட் 17 சதவீதம், மீதி இரும்பு. கடினக் கண்ணாடிக்கு ஏற்ற உலோகம் அது.

தகரக் குல்லா ட்ரான்சிஸ்டரின் அடியில் கால்கள் கண்ணாடி வழியாகத்தான் வெளியே வருகின்றன. அதனால் பலவற்றில் கால் கோவார்.

கண்ணாடிக்காகத் தெரிவான உலோகம் ஈயத்துக்கு இலகுவாக இணங்காது. அதன் மேல் படியும் ஒட்சைட்டை ரேடியோ வேலைக்குப் பாவிக்கும் சாதாரண பசையால் நன்றாகக் கரைக்க முடியாது. அதற்காகத்தான் தொழிற்சாலையில் தங்கமுலாம் பூசினார்கள். மாணவன் அழுக்கென்று சுரண்டி எறிந்தது அந்த முலாமை!

காந்தத்தைக் காட்டினோம். கால் ஒட்டியது. செம்பென்றால் ஒட்டாது. பிறகு பலகைக்கு வெளியே வைத்து, வலுவான பசை தடவி, காலுக்கு மட்டும் ஈயம் ஏற்றி, பசை மிஞ்சாமல் கழுவித் துடைத்தோம். மிஞ்சினால் அது உலோகத்தை அரிக்கும். அதன்பின் பலகையில் வைத்ததும் ஈயம் ஒழுங்காகப் பிடித்தது.

பெற்றோரே, பிள்ளை "எனக்கு வராது" என்றால் உடனே நம்பிவிடாதீர்கள். கையில் இருக்கும் பொருள் எதற்காகச் செய்யப்பட்டது என்று முதலில் விசாரியுங்கள்.