நினைவுக்கு ஓர் இடம்

நெடுநாள் கழித்துப் பிறந்த ஊருக்குச் செல்கிறோம். பழைய ஆலயத்தின் படியில் கால் வைத்ததும், மறந்துபோனதாக எண்ணியிருந்த பெயர்களும் முகங்களும் ஒவ்வொன்றாக எழுந்து வருகின்றன. நினைவின் சுமையை மனத்தோடு இடமும் பகிர்ந்துகொள்கிறது.

முன்னோர் இதை நன்கறிந்திருந்தனர். கிரேக்க, உரோமைப் பேச்சாளர்கள் ஒரு மாளிகையின் அறைகளை மனக்கண்முன் நிறுத்தி, அறைக்கொரு கருத்தை வைத்து, நீண்ட உரைகளை ஏடின்றி ஆற்றினர். சொற்கலை ஆசிரியராயிருந்த புனித அகுஸ்தினாரும் தம் 'அறிக்கைகள்' நூலில், நினைவாற்றலைப் பரந்த வயல்வெளிகளாகவும் மாளிகைகளாகவும் காண்கிறார்.

அவர் மனத்துள் கண்டதை எருசலேம் திருச்சபை கல்லிலும் மண்ணிலும் கண்டது. கி.பி. 380களில் அங்குச் சென்ற எகேரியா என்னும் பெண் திருப்பயணி, அந்தந்த நாளுக்கும் இடத்துக்கும் பொருந்திய வாசகங்களே அங்கு வாசிக்கப்பட்டதை வியந்து குறித்துள்ளார். புனித வெள்ளியன்று கல்வாரியில் பாடுகளின் வரலாறு வாசிக்கப்பட்ட மூன்று மணி நேரமும் சிறியோரும் பெரியோரும் கண்ணீர் வடித்தனராம்.

எருசலேம் செல்ல எல்லாருக்கும் இயலுமோ? 1342 முதல் அத்திருத்தலங்களைக் காத்துவரும் பிரான்சிஸ்கன் சபையினர், அவ்வழியின் நினைவைத் தம் ஆலயங்களுக்குள் கொணர்ந்தனர். 1731இல் திருத்தந்தை 12ஆம் கிளமெண்ட் சிலுவைப்பாதையின் நிலைகளை 14 என வரையறுத்து, எல்லா ஆலயங்களிலும் நிறுவ அனுமதியளித்தார். அன்றுமுதல் சிற்றூர் ஆலயத்தின் இரு சுவர்களும் ஏழைகளின் எருசலேம் ஆயின.

ஒன்றைக் கவனிப்போம். ஆண்டவரின் திருமுகத்தைத் துடைத்த வெரோணிக்கா நற்செய்தி நூல்களில் இல்லை. எனினும் ஆறாம் நிலை என்றதும் நம் சிறுவர்கூட அவர் பெயரைச் சொல்வர். சுவரில் இடம்பெற்றவர் மனத்திலும் இடம்பெற்றுவிட்டார். அப்படியானால், இடத்தை இழப்பது எதுவோ அது மனத்திலிருந்தும் மெல்ல நழுவும் அன்றோ?

நம் பங்குகள் பலவற்றில் பழைய ஆலயங்கள் இடிக்கப்பட்டுப் புதியவை எழுகின்றன. மக்கள்தொகை பெருகுகையில் அது தேவையே. ஆயினும் பழைய அடிக்கல்லும், முன்னோரின் கல்லறைப் பலகையும், பாட்டிமார் முழந்தாளிட்டுத் தேய்ந்த பலிபீடப் படியும் இடிபாடுகளோடு வண்டியேறிப் போகின்றன. அவற்றோடு எத்தனை பேருடைய செபங்களின் நினைவு போகிறது! புதிய ஆலயத்தில் அவற்றுக்கு ஒரு மூலையேனும் ஒதுக்குவோம். நம் பிள்ளைகளை அங்கு அழைத்துச் சென்று கதை சொல்வோம்.

தம் நினைவாகச் செய்யுமாறு நம் ஆண்டவர் பணிக்குமுன், சீடரை அனுப்பி ஒரு மேலறையை ஆயத்தம் செய்யச் சொன்னார். நினைவுக்கும் ஓர் இடம் வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.