கழலையும் கத்தியும்

நுவரெலியா, அட்டன் மலைச்சாரல்களில் தேயிலையை வளர்ப்பது மழை. அம்மழையே மண்ணிலுள்ள அயடீன் என்னும் நுண்பொருளைக் கரைத்துச் செல்லும் என்பர் அறிஞர். இலங்கையின் ஈரவலயத்திற் கண்டக்கழலை நெடுங்காலம் பரவியிருந்தமைக்கு இதனையும் ஒரு காரணமாகக் கொள்வர். உணவில் அயடீன் குறையுமாயின், கழுத்தின் முன்புறத்தேயுள்ள தைரொயிட்டுச் சுரப்பி போதிய ஓமோனை ஆக்க முயன்று வீங்குகின்றது.

வீங்கியதை வெட்டியெடுத்தல் எளிதெனத் தோன்றும். வரலாறு வேறு கூறுகின்றது. சுவிட்சர்லாந்தின் மலைகளும் கழலைக்குப் பேர்போனவை. அந்நாட்டுச் சத்திர வைத்தியர் தியோடர் கோக்கர், சுரப்பி முற்றாக அகற்றப்பட்டோர் உடல் ஊதி, அறிவு மந்தமடைந்ததை 1883இல் வெளிப்படுத்தினார். சுரப்பி பற்றிய ஆய்வுக்காக 1909இல் அவர் நோபெல் பரிசு பெற்றார். 1891இல் ஆங்கில மருத்துவர் ஜோர்ஜ் மரே, ஆட்டின் சுரப்பிச் சாற்றைச் செலுத்திக் குறைச்சுரப்பு நோயைத் தணித்தார்.

மிகைச்சுரப்பு மற்றோர் இடர். ஆயத்தமின்றிக் கத்தி வைப்பின், காய்ச்சலும் நாடித்துடிப்பும் கட்டுக்கடங்காது பெருகி நோயாளி மாளவுங் கூடும். 1920களில் அமெரிக்க மருத்துவர் ஹென்றி பிளம்மர், சத்திர சிகிச்சைக்கு முன்னர்ச் சில நாள் அயடீன் கொடுத்து இவ்வுயிரிழப்பைப் பெரிதுங் குறைத்தார். எதன் குறைவு கழலையை விளைத்ததோ, அதுவே ஈண்டுக் காப்பாயிற்று. 1943இல் அஸ்ற்வுட் என்பார் தயோயூரசில் என்னும் மருந்தால் மிகைச்சுரப்பை அடக்கும் வழி கண்டார். கடுங் குறைச்சுரப்புடையோரை மயக்க மருந்து மிகுதியாகத் தாக்கும். ஆதலின் ஓமோன் கொடுத்துத் தேற்றிய பின்னரே அவர்க்கு அவசரமற்ற சத்திர சிகிச்சை செய்யப்படும்.

இவ்வாயத்தத்திற்கு வாரங்கள் பல வேண்டும். இரத்தப் பரிசோதனையும் மீண்டும் மீண்டும் வேண்டும். தோட்டத் தொழிலாளர்க்கு இடர் இங்கேதான் உளது. 1872ஆம் ஆண்டுச் சட்டம் பெருந்தோட்ட மாவட்டங்களில் மருத்துவ உதவிக்கு வழிகோலிற்று; 1912இல் மேலுஞ் சட்டங்கள் வந்தன. ஆயினும் தோட்ட மருந்தகத்தில் இப்பரிசோதனையும் சத்திர சிகிச்சையும் நிகழ்வன அல்ல. தைரொயிட்டு நோய் பெண்களையே மிகுதியும் பற்றும். கொழுந்து பறிப்போரிற் பெரும்பாலாரும் பெண்களே. நாட்கூலியை நம்பி வாழ்பவளுக்கு நகர வைத்தியசாலைக்குச் செல்லும் ஒவ்வொரு நாளும் கூலியிழப்பாகும். இடையில் மருந்தை நிறுத்துவாளாயின் ஆயத்தம் குலையும்.

வருமுன் காத்தல் உப்பினாற் கைகூடிற்று. இந்தியாவின் காங்கிராப் பள்ளத்தாக்கில் 1956இல் ராமலிங்கசுவாமி குழுவினர் தொடங்கிய ஆய்வு, அயடீன் சேர்த்த உப்புக் கழலையைக் குறைக்கும் என நிறுவிற்று. இலங்கையில் 1995 முதல் அத்தகைய உப்பே சமையலுக்குரியதாயிற்று. எனினும் அயடீன் குறைவன்றி வேறு காரணங்களாலும் சுரப்பி பழுதுறும். லயன் அறைவரை உப்புச் சென்றடைந்தது போல, பரிசோதனையும் மருந்தும் சென்றடைதல் வேண்டும். கத்தியின் வெற்றி அதற்கு முந்திய வாரங்களிலேயே தீர்மானிக்கப்படுகின்றது.