கண்ணாடிக்கு இடம் விட்ட லென்ஸ்

'வேகமான லென்ஸ்' என்றதும் மாணவர்கள் சிரிப்பார்கள். ஓடுகிற லென்ஸ் இல்லை. துளை அகலமாகத் திறந்து நிறைய ஒளியை உள்ளே விடுகிற லென்ஸ். அகலக் கோணத்தில் அப்படி ஒன்றை எஸ்.எல்.ஆர். கேமராவில் மாட்டத் தடையாக நின்றது, பிம்பத்தை மேலே திருப்பிவிடும் கண்ணாடி. எக்ஸாக்டா கேமராவில் லென்ஸ் பொருந்தும் இடத்துக்கும் ஃபிலிமுக்கும் இடைவெளி 44.7 மி.மீ. சாதாரண 35 மி.மீ. லென்ஸ் அதைவிடக் கிட்ட இருக்க வேண்டும். வைத்தால் கண்ணாடி இடிக்கும்.

1950-இல் பிரான்ஸின் பியேர் ஆன்ஜெனியூ 35 மி.மீ. எஃப்/2.5 ரெட்ரோஃபோகஸ் லென்ஸை வெளியிட்டார். முன்னால் பெரிய குழிவில்லை, பின்னால் குவிக்கும் வில்லைகள். ஒளி விரிந்து பிறகு குவிவதால் லென்ஸ் தள்ளி இருந்தும் படம் ஃபிலிமில் தெளிவாக விழுந்தது. யோசனை புதுசு இல்லைதான்; டெக்னிகலர் சினிமா கேமராவின் பட்டகத்துக்காக 1930களிலேயே இங்கிலாந்தில் செய்து பார்த்ததுதான்.

'மதிப்பிடுக' என்று கேட்டால் எஃப் எண்ணை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிடக் கூடாது. முழுதாகத் திறந்தால் இந்த லென்ஸில் ஓரங்கள் மங்கும், எதிர்வெளிச்சத்தில் படம் வெளிறும். துளையைச் சுருக்கினால் தேறும். அப்புறம் வேகம் எதற்கு? ஆனாலும் அதைப் பிந்திய லென்ஸ்களோடு வைத்துக் குறை சொல்வது நியாயமாகப் படவில்லை. அகலக் கோண லென்ஸ் கிட்டத்தில் எடுக்கும்போது வரும் ஓரக் குறையைச் சரிக்கட்ட, வில்லைகளின் இடைவெளி தானே மாறும் ஏற்பாட்டை நிக்கான் தன் 24 மி.மீ. எஃப்/2.8 லென்ஸில் கொண்டுவந்ததே 1967-இல்தான்.