எச்.ஐ.வி. பரிசோதனை

எச்.ஐ.வி. பரிசோதனை என்பது, நோய் எதிர்ப்பாற்றலை அழிக்கும் எச்.ஐ.வி. கிருமி ஒருவர் உடலில் உள்ளதா என்பதைப் பெரும்பாலும் இரத்தத்தைக் கொண்டு அறியும் முறை. தொற்றிய பின் பல ஆண்டுகள் அறிகுறி எதுவும் தெரியாமல் போகலாம் என்பதால், ஆளைப் பார்த்து எவராலும் சொல்ல முடியாது.

இந்தியாவில் இத்தொற்று முதலில் கண்டறியப்பட்டது தமிழ்நாட்டில்தான். எச்.ஐ.வி. தொற்று முற்றிய நிலையான எய்ட்ஸை அயல்நாட்டு நோய் என்று ஒதுக்கிவைத்திருந்த காலத்தில், சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமன் தம் மாணவி நிர்மலாவுக்கு அதையே ஆய்வுப் பொருளாகக் கொடுத்தார். நிர்மலா திரட்டிய 200 இரத்த மாதிரிகளைச் சோதிக்கும் வசதி அங்கே இல்லை. 1986இல் அவற்றை ரயிலில் எடுத்துச்சென்று வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் எலைசா என்னும் முறையில் சோதித்தபோது ஆறில் தொற்று தெரிந்தது. அப்போதும் அவசரப்படவில்லை, வெஸ்டர்ன் பிளாட் என்னும் வேறொரு சோதனையும் அமெரிக்காவில் உறுதிசெய்த பிறகே முடிவு ஏற்கப்பட்டது.

ஒரே சோதனையை நம்பி ஒருவருக்குத் தொற்று உண்டு என்று சொல்லக் கூடாது என்ற கண்டிப்பு இன்றும் நடைமுறையில் உள்ளது. திருச்சிராப்பள்ளி புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் இச்சோதனை இலவசம். முதலில் ஆலோசகர் பேசி ஒப்புதல் பெறுவார். முதல் சோதனைக் கிட்டில் எதிர்வினை இல்லையென்றால் தொற்று இல்லை என்று முடிவு தருவார்கள். எதிர்வினை தெரிந்தால் வெவ்வேறு வகையான மேலும் இரு கிட்டுகளில் அதே இரத்தத்தைச் சோதிப்பார்கள். மூன்றும் ஒத்தால்தான் பாசிட்டிவ். முரண்பட்டால் சில வாரங்கள் கழித்து மீண்டும் வரச் சொல்வார்கள். தொற்று உறுதியானவர்களுக்குக் கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையமும் இம்மருத்துவமனையிலேயே இயங்குகிறது.

இக்கிட்டுகள் தேடுவது பெரும்பாலும் கிருமியை அல்ல, அதை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்பொருளை. அது சேர நாளாகும் என்பதால் தொற்றிய புதிதில் அது சோதனையில் பிடிபடாது. இந்த இடைவெளியைச் சாளரக் காலம் என்பர். எதிர்பொருள் சோதனைக்கு இது 90 நாள் வரை நீளலாம். பி24 என்னும் கிருமிப் புரதத்தையும் சேர்த்துத் தேடும் நான்காம் தலைமுறைச் சோதனை 45 நாளுக்குள் காட்டிவிடும். சோதித்துப் பார்க்கும் எண்ணத்தில் இரத்ததானம் செய்பவர்கள் உண்டு. சாளரக் காலத்தில் அது பிறர் உயிரோடு விளையாடுவதாகும்.

தொற்றுள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைக்கு வழி வேறு. தாயின் எதிர்பொருள் 18 மாதம் வரை குழந்தையின் இரத்தத்தில் தங்கக்கூடும். ஆகவே ஆறாவது வாரத்தில் குதிகாலில் எடுத்த இரத்தத்துளிகளை அட்டையில் உலரவைத்து, கிருமியின் மரபணுவையே பி.சி.ஆர். முறையில் தேடுகிறார்கள்.

நடைமுறையில் பெரிய தடை தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்ற அச்சம்தான். ஆனால் சொந்தப் பகுதியிலேயே சோதிக்க வேண்டும் என்பதில்லை. திருவரங்கத்துக்காரர் காவிரிப் பாலம் கடந்து புத்தூருக்கு வரலாம். வேறு மாவட்டத்துக்கும் போகலாம், தடையில்லை. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், ஒப்புதலின்றிச் சோதிப்பதையும் முடிவை வெளியிடுவதையும் பொதுவாகத் தடைசெய்கிறது. அருகிலுள்ள மையத்தை அறிய 1097 என்ற கட்டணமில்லாத எண்ணில் பெயர் சொல்லாமலே கேட்கலாம்.