நிறம் வேற, பாதுகாப்பு வேற: ஓர் உலையில் தொடங்கிய கண்ணாடிக் கதை

1/ போன வாரம் ஓ.பி.யில் ஒரு அம்மா. வீடு அனுப்பர்பாளையம், வேலை பனியன் கம்பெனியில். கூடவே பவர் கண்ணாடி போட்ட ஒன்பது வயசுப் பையன். "ஏனுங்க டாக்டர், வெயில்ல போனா கருப்பா மாறுற கண்ணாடி இருக்குதாமுங்களே, பையனுக்கு அதுதான் வாங்கோணுங்களா?" கடையில் சொன்ன விலை, கிட்டத்தட்ட அவங்க ஒரு வாரச் சம்பளம்.

2/ பதில் சொல்றதுக்கு முன்னால் கொஞ்சம் வரலாறு. அனுப்பர்பாளையம்னா நமக்குப் பாத்திரப் பட்டறைதான் ஞாபகம் வரும். உலை வெக்கை முகத்தில் அடிச்சா எப்படி இருக்கும்னு அந்த ஊருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இந்தக் கதையும் ஓர் உலையில்தான் தொடங்குது.

3/ இங்கிலாந்தில் கண்ணாடி உருக்கும் உலை முன்னால் வருஷக்கணக்கா நின்னவங்களுக்கு, வயசாகும் முன்பே கண்புரை வந்தது. இதை ஆராய ராயல் சொசைட்டி இறங்கியது. வேலையை எடுத்துச் செய்தவர் வில்லியம் குரூக்ஸ். 1861-ல் தாலியம் தனிமத்தைக் கண்டுபிடித்தவர்.

4/ அவர் 300-க்கும் மேற்பட்ட கண்ணாடிக் கலவைகளைச் செய்து பார்த்து, 1913-ல் முடிவுகளை முன்வைத்தார். உலையிலிருந்து வரும் வெப்பக் கதிரைத் தடுக்க ஒரு வகை, வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்க இன்னொரு வகை. இதில் முக்கியமானது: சீரியம் சேர்த்த கண்ணாடி, பெரிசா நிறமே இல்லாமல் புற ஊதாவைத் தடுத்தது.

5/ அதாவது நிறம் வேற, பாதுகாப்பு வேற. நூறு வருஷத்துக்கு முன்பே தெரிஞ்ச விஷயம். ஆனா 1929-ல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி கடற்கரையில் சாம் ஃபாஸ்டர் மலிவு விலைக் கூலிங்கிளாஸ் விற்க ஆரம்பிச்ச பிறகு, கருப்பு ஃபேஷன் ஆச்சு. கருப்பா இருந்தாலே கண்ணுக்கு நல்லதுன்னு ஜனங்க நம்பிட்டாங்க.

6/ புற ஊதாவைத் தடுக்காத வெறும் கருப்புக் கண்ணாடியில் ஆபத்து உண்டு. வெளிச்சம் குறைஞ்சதும் கண்ணின் பாப்பா விரியும், கதிர் கூடுதலா உள்ளே போகும். அதிலும் குழந்தைகளின் கண் லென்ஸ் பெரியவங்களைவிடத் தெளிவானது, அதிகக் கதிரை உள்ளே விடும். வருஷக்கணக்கில் சேரும் புற ஊதாவுக்கும் பின்னாளில் வரும் கண்புரை, கண்ணில் சதை வளர்வதற்கும் தொடர்பு இருக்கு.

7/ சரி, நிறம் மாறும் கண்ணாடி? 1960-களில் கார்னிங் நிறுவனத்தின் ஸ்டூக்கியும் ஆர்மிஸ்டெட்டும் உருவாக்கியது. அந்தக் கால ஃபோட்டோ ஃபிலிமில் இருந்த அதே வகை வெள்ளி உப்பு. புற ஊதா பட்டால் கருக்கும், விலகினால் தெளியும். இன்றைய பிளாஸ்டிக் லென்ஸில் வேற சாயம், வேலை அதேதான். ஆனா சூடு ஏற ஏற இது கருப்பது குறையும். நம்ம சித்திரை வெயிலை நினைச்சுப் பாருங்க.

8/ "அப்ப வெயிலுக்கே விடாம வீட்டுக்குள்ள வெச்சுக்கலாமா?" வேண்டாங்க. வெளியே விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது. தைவான் 2010-ல் இருந்து, மாணவர்கள் தினமும் 120 நிமிஷம் வெளியே இருக்கணும்னு பள்ளிகளை ஊக்குவிச்சுது. அதுக்கப்புறம் சில வருஷத்தில் பார்வை குறைந்த மாணவர்களின் விகிதம் இறங்க ஆரம்பிச்சுது.

9/ அந்த அம்மாகிட்ட நான் சொன்னது: பையனுக்குப் பாலிகார்பனேட் லென்ஸ் கேளுங்க. நிறமே இல்லாம புற ஊதாவைப் பெரும்பாலும் தடுக்கும், பந்து பட்டாலும் லேசில் உடையாது. 'யுவி 400' இருக்கான்னு கேளுங்க. கடையில் மீட்டர் இருந்தா சோதிச்சுக் காட்டச் சொல்லுங்க. மேலும் பக்கத்திலும் இருந்து வரும் வெயிலுக்கு, விளிம்பு வெச்ச தொப்பி. நிறம் மாறுவது கூச்சம் குறைய வசதி, அவ்வளவுதான். கட்டாயமில்லை.

10/ சில பிள்ளைகளுக்கு மட்டும் நிறக் கண்ணாடி தேவையே: பிறவியிலேயே நிறமி குறைந்தவங்க, கருவிழிப்படலம் இல்லாதவங்க, வெளிச்சத்தில் கண்ணே திறக்க முடியாதவங்க. அதைக் கண் மருத்துவர் சொல்லட்டும், கடைக்காரர் வேண்டாம். உங்க பிள்ளை அரசுப் பள்ளின்னா பரிசோதனையும் பவர் கண்ணாடியும் இலவசம். வருஷம் ஒருமுறை காட்டிடுங்க.