டீச்சருக்கு லீவு வந்த கதை



மலருக்கு ஆளுக்கு ஒரு கட்டுரை எழுதணும்னு கூட்டத்தில் சொன்னப்போ எனக்கு ஒண்ணும் ஓடலை. கடன், வங்கி, தணிக்கை பத்தியெல்லாம் எழுத நல்லா தெரிஞ்ச ஊக்குநர்கள் நம்மில் இருக்காங்க. நான் பத்தாவது படிச்சுட்டு வீட்டோடு இருக்கிறவள். கடைசியில் என் நாத்தனார் கேட்ட ஒரு கேள்வியையே எழுதிடலாம்னு முடிவு பண்ணினேன்.

அவள் ஒரு தனியார் நர்சரி பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாள். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருப்பதால் கோட்டக்குப்பத்தில் எங்களோடுதான் இருக்கிறாள். முழுகாம இருந்தப்போ ஏழாம் மாசம் வரைக்கும் தினமும் வேலைக்குப் போனாள். காலை எட்டரைக்குப் போனால் சாயந்திரம் நாலரை. எட்டு பீரியடில் ஏழு பீரியடு நின்னுதான் எடுக்கணும். நாற்காலி போட்டா டீச்சருங்க உக்காந்துடுவாங்கன்னு வகுப்பில் நாற்காலியே போடலை. கால் வீங்கிப் போய், அவ செருப்பு நுழையாம அவங்க அண்ணனோட ரப்பர் செருப்பை மாட்டிக்கிட்டுப் போனாள். பாத்ரூம் போகணும்னா பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து நிக்கணும். அதுக்குக் கூச்சப்பட்டு தண்ணியே குடிக்க மாட்டா. அதனால நீர்க்கடுப்பு வந்துச்சு. ராத்திரியானா பை நிறைய நோட்டு. நானும் பக்கத்தில் உக்காந்து ஒண்ணாம் வகுப்புக் கூட்டல் கணக்குக்கு மட்டும் டிக் போட்டுக் கொடுப்பேன். தப்புதான், ஆனா அவ கண்ணைப் பார்த்தா சும்மா இருக்க முடியலை.

நாள்காட்டித் தாளின் பின்பக்கம் அவ ஒரு கணக்கு எழுதி வெச்சிருந்தா. டாக்டர் சொன்ன தேதி மார்ச் கடைசி. முழு ஆண்டுத் தேர்வு ஏப்ரல். அதுக்குள்ள பாடத்தை முடிக்கணும், கேள்வித்தாள் எழுதிக் கொடுக்கணும், ஆண்டு விழாவுக்குப் பிள்ளைங்களுக்கு டான்ஸ் வேற சொல்லிக் கொடுக்கணும். கையில் இருந்த லீவு நாலு நாள். அதை எங்கெங்க போடறதுன்னு போட்டு அழிச்சு, போட்டு அழிச்சு தாளே கிழிஞ்சிருந்தது. அப்பத்தான் கேட்டா. “எதிர்வீட்டு கவர்மெண்ட் ஸ்கூல் டீச்சருக்கு ஒரு வருஷம் லீவாம் அண்ணி, சம்பளத்தோட. நானும் அதே அ, ஆ தானே சொல்லித் தர்றேன். எனக்கு ஏன் ஒரு மாசம்கூட இல்லை?”

எனக்குப் பதில் தெரியலை. அதைப் புடிச்சுக்கிட்டு ஓய்வு பெற்ற டீச்சர் ஒருத்தரைக் கேட்டும், நூலகத்தில் படிச்சும், பையன் போனில் தேடிக் கொடுத்ததை வெச்சும் தெரிஞ்சுக்கிட்டதுதான் இனிமே எழுதப்போறது.

முதலில், அந்தக் காலத்தில் டீச்சரம்மான்னா யார்? பக்கத்துப் புதுச்சேரிக்கு 1827-லேயே க்ளுனி சபைக் கன்னியாஸ்திரிகள் வந்து பெண் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. சென்னையில் சகோதரி சுப்புலட்சுமின்னு ஒருத்தர். 1886-ல் பிறந்தவர். பதினோரு வயசில் கல்யாணம், உடனேயே தாலி அறுத்த கொடுமை. அப்பா மூலையில் உக்கார வைக்காம படிக்க வெச்சார். 1911-ல் பி.ஏ. முடிச்சு, அடுத்த வருஷமே தன்னை மாதிரி புருஷனை இழந்த சின்னப் பெண்களுக்கு ஒரு விடுதி ஆரம்பிச்சார். பிறகு அது கடற்கரையில் இருக்கிற ஐஸ் ஹவுஸ் கட்டடத்துக்குப் போச்சு. இப்போ விவேகானந்தர் இல்லம்னு சொல்றோமே, அதேதான். அங்கே தங்கிப் படிச்ச பெண்கள் பலர் டீச்சராகப் போனாங்க.

இதைப் படிக்கும்போது எனக்கு ஒண்ணு தோணிச்சு. பெண் டீச்சர் வேலையை ஆரம்பத்தில் தூக்கி நிறுத்தினவங்க கன்னியாஸ்திரிகளும் விதவைகளும். ரெண்டு பேருக்கும் பிள்ளைப்பேறு கிடையாது. டீச்சர் முழுகாம இருந்தா என்ன பண்றதுங்கிற கேள்வியே அங்கே எழலை. நம்ம ஊர் மட்டும் இல்லை, இங்கிலாந்தில் கல்யாணம் ஆனாலே டீச்சரை வேலையை விட்டு அனுப்பற வழக்கம் இருந்திருக்கு. அதைக் கூடாதுன்னு சொன்னது 1944-ல் வந்த கல்விச் சட்டம்தான்.

லீவு முதலில் கேட்டது டீச்சருக்கு இல்லை, ஆலையில் வேலை செய்த பெண்களுக்கு. 1919-ல் உலகத் தொழிலாளர் அமைப்பு வாஷிங்டனில் கூடி, பிரசவத்துக்கு 12 வாரம் ஓய்வு தரணும்னு தீர்மானம் போட்டது. 1928-ல் பம்பாய் சட்டசபையில் இதுக்கு ஒரு மசோதா வந்தப்போ டாக்டர் அம்பேத்கர் ஆதரிச்சுப் பேசினார். 1929-ல் பம்பாயில் சட்டம் ஆச்சு. நம்ம சென்னை மாகாணத்திலும் 1934-ஆம் வருஷத்துச் சட்டம்னு ஒண்ணு தொழிற்சாலைப் பெண்களுக்காக வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 1961-ல் நாடு முழுசுக்கும் மகப்பேறு நலச் சட்டம் போட்டாங்க. 12 வாரம் சம்பளத்தோட லீவு. 2017-ல் அது 26 வாரம் ஆச்சு, முதல் ரெண்டு பிள்ளைக்கு.

அந்த 1961 சட்டத்தில் ஒரு வரி இருந்தது. பிரசவத்துக்கு முந்தின ஆறு வாரத்துக்கும் முன்னால வர்ற ஒரு மாசத்தில், அந்தப் பெண் கேட்டுக்கிட்டா, ரொம்ப நேரம் நிக்கிற வேலையை அவளுக்குக் கொடுக்கக் கூடாது. இதை என் நாத்தனாருக்குப் படிச்சுக் காட்டினேன். அவ சிரிச்சா. ஏன்னா அந்தச் சட்டம் யார் யாருக்குன்னு ஒரு பட்டியல் இருந்தது: தொழிற்சாலை, சுரங்கம், தேயிலை மாதிரி தோட்டங்கள். 1973-ல் சர்க்கஸில் வேலை செய்யற பெண்களைச் சேர்த்தாங்க. 1988-ல் பத்துப் பேருக்குக் குறையாம வேலை செய்யற கடை, நிறுவனங்களையும் சேர்த்தாங்க. பள்ளிக்கூடம்னு பேர் சொல்லி அதில் ஒரு வார்த்தை இருக்கலை. கம்பி மேல நடக்கிற பெண்ணுக்கு இடம் கிடைச்சுது, கரும்பலகை முன்னால நிக்கிறவளுக்கு இல்லை. “இது பள்ளிக்கூடம்மா, கம்பெனி இல்லை”ன்னுதான் அவளுக்கும் பதில் வந்தது. கேரளாவில் 2020-ல் தனியார் பள்ளி ஆசிரியைகளையும் இந்தச் சட்டத்துக்குள்ள கொண்டு வந்துட்டாங்க.

சரி, எதிர்வீட்டு டீச்சருக்கு அந்த ஒரு வருஷம் எப்படி வந்தது?

நான் போய்க் கேட்ட ஓய்வு பெற்ற டீச்சருக்கு முதல் பிள்ளை பிறந்தது 1980-களில். அப்போ தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு 90 நாள்தான். அவங்க சொன்னதை அப்படியே சொல்றேன். பிரசவத்துக்கு முன்னால ஒரு நாள் லீவு எடுத்தா, பிறந்த பிறகு பிள்ளையோட இருக்கிற நாளில் ஒண்ணு குறையும். அதனால் வலி வர்ற வரைக்கும் மரக்காணம் பக்கம் பஸ்ஸில் போய் வந்திருக்காங்க. குழந்தைக்கு மூணு மாசம் முடியறதுக்குள்ள திரும்ப வேலை. பத்து மணிக்கு மேல மார்பு கல்லு மாதிரி கட்டிக்கும், ரெண்டாவது பீரியடில் ஜாக்கெட் நனைஞ்சுடும், புடவையை இழுத்து மூடிக்கிட்டு வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பேன்னாங்க. வீட்டில் மாமியார் பிள்ளைக்குப் பசும்பாலில் தண்ணி கலந்து கொடுப்பாங்களாம். “அரசு வேலை, கொடுத்து வெச்சவன்னு ஊரே சொல்லும்மா. எனக்கு மட்டும்தான் தெரியும்”னாங்க.

2011 மே 16-ஆம் தேதி ஜெயலலிதா முதலமைச்சராப் பதவி ஏத்த அன்னைக்குக் கையெழுத்துப் போட்ட கோப்புகளில் ஒண்ணு இந்த லீவை ஆறு மாசமா உயர்த்தினது. 2016-ல் அது ஒன்பது மாசம் ஆச்சு. 2021-ல் மு.க.ஸ்டாலின் அரசு 12 மாசமா ஆக்கி ஆகஸ்ட் 23-ஆம் தேதி அரசாணை போட்டது, ஜூலை 1 முதல்னு கணக்கு. இதை பிரசவத்துக்கு முன்னால கொஞ்சம், பின்னால மீதின்னு அந்தப் பெண் இஷ்டத்துக்குப் பிரிச்சுக்கலாம். 90 நாள் 365 நாள் ஆகப் பத்து வருஷம்தான் ஆச்சு. ஆனா லீவில் இருந்த காலம் தகுதிகாண் பருவத்தில் சேராம, கூட வேலைக்குச் சேர்ந்த ஆம்பிளைகளைவிடப் பதவி உயர்வில் பின்னால போனவங்க உண்டு. இனி அந்தக் காலத்தையும் சேர்த்துக்கலாம்னு 2025 ஏப்ரலில்தான் சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது.

அரசாணை இருந்தாலும் எல்லாருக்கும் தானா கிடைச்சுடலை. தருமபுரி மாவட்டத்தில் ஒரு அரசுப் பள்ளி ஆங்கில டீச்சர். நம்ம மகளிர் குழுக்கள் 1989-ல் முதன்முதலா ஆரம்பிச்ச அதே தருமபுரிதான். அவங்களுக்கு முதல் கல்யாணத்தில் ரெண்டு பிள்ளைகள். வேலையில் சேர்ந்தது அதுக்கப்புறம், 2012-ல். விவாகரத்து ஆகி, 2018-ல் மறுமணம் செஞ்சுக்கிட்டாங்க. 2021 ஆகஸ்ட் 17 முதல் லீவு வேணும்னு எழுதிக் கொடுத்தாங்க. ரெண்டு பிள்ளைக்கு மேல விதியில் இடம் இல்லைன்னு 28-ஆம் தேதி பதில் வந்தது. தேதியைப் பாருங்க. ஒரு வருஷ லீவுக்கு அரசாணை போட்டு அஞ்சு நாள்தான் ஆகியிருந்தது.

அவங்க விடலை. சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி 2022 மார்ச்சில் கொடுக்கணும்னார். அரசு மேல்முறையீடு போக, செப்டம்பரில் ரெண்டு நீதிபதிகள் அதை ரத்து பண்ணிட்டாங்க. அங்கிருந்து டெல்லி. 2025 மே 23-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் அபய் ஓகாவும் உஜ்ஜல் புயானும் மகப்பேறு லீவு பெண்ணோட உரிமையில் ஒரு பகுதின்னு சொல்லி, ரெண்டு மாசத்துக்குள்ள சேர வேண்டியதைக் கொடுக்கச் சொன்னாங்க. கேட்டது 2021-ல். கிடைச்சப்போ பிள்ளை பேசவே ஆரம்பிச்சிருக்கும். ஆனாலும் அந்த ஒரு மனுவால இப்போ எத்தனை பேருக்கு வழி.

தினக்கூலிப் பெண்கள் கதையும் இதே மாதிரிதான். டெல்லி மாநகராட்சியில் ரோடு வேலை செய்த பெண்கள் எங்களுக்கும் லீவு வேணும்னு வழக்குப் போட்டாங்க. மாநகராட்சி இல்லைன்னது. 2000-ஆம் வருஷம் மார்ச் 8, மகளிர் தினத்தன்னைக்கு உச்ச நீதிமன்றம் அவங்களுக்கும் உண்டுன்னு தீர்ப்பு சொன்னது.

இப்போ நம்ம பக்கம். 2021 அக்டோபர் 27-ஆம் தேதி இல்லம் தேடிக் கல்வி ஆரம்பிச்சது நம்ம மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில்தான். குழுப் பெண்கள் வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் தன்னார்வலரா போனாங்க. மாசம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை, லீவுங்கிற பேச்சே இல்லை. அரசு டீச்சர் ஒரு வருஷம் லீவில் போனா, அந்த இடத்தில் கொஞ்ச சம்பளத்துக்கு நிக்க வர்றதும் பெரும்பாலும் ஒரு சின்னப் பெண்தான். அவ முழுகாம இருந்தா அவளுக்கு என்ன கணக்கு? இதை எதிர்வீட்டு டீச்சரையே கேட்டேன். அவங்களும் வருத்தமாத்தான் தலையை ஆட்டினாங்க.

லீவு இல்லாதவங்களுக்குக் கையில் வர்றது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பேரில் இருக்கிற மகப்பேறு நிதி. அவரும் 1886-ல் பிறந்தவர், சகோதரி சுப்புலட்சுமிக்குச் சமவயசு. 2006-ல் 6000, 2011-ல் 12,000, 2018 முதல் 18,000. ஒரே தவணையில் வராது, ஆரம்பத்திலேயே கிராம நர்ஸ் அக்காகிட்ட பதிவு பண்ணி வெச்சாத்தான் வரும்.

என் நாத்தனாரை எட்டாம் மாசம் பள்ளிக்கூடத்தில் “ஜூன்ல பார்க்கலாம், ரெஸ்ட் எடும்மா”ன்னு அனுப்பினாங்க. நல்லவங்கதான்னு நாங்களும் நினைச்சோம். ஜூனில் போனா அவ வகுப்பில் வேற பெண் நின்னுக்கிட்டு இருந்தா. எழுத்தில் எதுவும் கேட்டு வாங்காதது எங்க தப்பு. சங்கத்தில் 10,000 உள்கடன் வாங்கித்தான் அந்த நாலு மாசத்தை ஓட்டினோம். இப்போ சாயந்திரம் எங்க திண்ணையில் டியூஷன் எடுக்கிறாள், உக்காந்துக்கிட்டு.

போன மாசம் அந்த வேற பெண் எங்க வீட்டுக்கு வந்தா. அவளுக்கு இப்போ அஞ்சாம் மாசம். என்ன பண்றதுன்னு கேட்டா. என் நாத்தனார் உள்ளே போய் வெள்ளைத்தாள் எடுத்துக்கிட்டு வந்தா. அங்கே டீச்சர், ஆயா, டிரைவர் எல்லாம் சேர்த்துப் பதினெட்டுப் பேர் வேலை செய்யறதை முதல் வரியில் எழுதினாங்க. பிரசவத் தேதி, எந்தத் தேதியில் இருந்து எத்தனை வாரம் லீவு வேணும், அதுவரைக்கும் வகுப்பில் ஒரு நாற்காலி வேணும், திரும்ப வரும்போது அதே வேலை வேணும்னு வரிசையா எழுதி, ரெண்டு நகல் எடுத்தாங்க. ஒண்ணில் வாங்கிக்கிட்டதுக்குக் கையெழுத்தும் தேதியும் கேட்டு வாங்கச் சொல்லி அனுப்பினோம். கையெழுத்து போட்டுக் கொடுத்திருக்காங்க. நாற்காலி மறுநாளே வந்துடுச்சாம். மத்ததுக்கு இதை எழுதற வரைக்கும் பதில் வரலை.