டிக்கெட் இல்லை, விஐபி சீட் இல்லை: ஊரூர் ஆல்காட் குப்பம் விழா என்றால் என்ன?

கச்சேரி கேட்கணும்னா சபாவுக்குத்தான் போகணுமா? இந்தக் கேள்விக்கு 2015-ல் பதில் சொன்னது ஒரு மீனவக் குப்பம்.

எங்கே நடந்தது?
பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையை ஒட்டி, அடையாறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது ஊரூர் ஆல்காட் குப்பம்.

யார் தொடங்கியது?
பாடகர் டி.எம்.கிருஷ்ணா, சூழலியல் செயற்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமன் உள்ளிட்டோர், குப்பத்து மக்களோடு கைகோத்துத் தொடங்கினார்கள்.

என்ன ஸ்பெஷல்?
கர்நாடக இசை, பரதநாட்டியம், பறையாட்டம், வில்லுப்பாட்டு எல்லாம் ஒரே மேடையில். அனுமதி இலவசம். இதுல எந்தக் கலையும் உசத்தி இல்ல, மட்டம் இல்ல. பின்னர் நகரின் வேறு இடங்களுக்கும் பரவி, 'சென்னை கலைத் தெரு விழா' ஆனது.

இயற்கைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?
2017-ல் கிருஷ்ணா பாடிய 'சென்னை புறம்போக்கு பாடல்' எண்ணூர் கழிமுகம் அழிவதைப் பேசியது. எழுதியவர் கபேர் வாசுகி. நாம திட்டுறதுக்குப் பயன்படுத்துற 'புறம்போக்கு' என்ற சொல்லுக்கு, ஏரி, ஆறு, மேய்ச்சல் நிலம், கடற்கரை என ஊருக்கே பொதுவான இடம் என்ற பழைய அர்த்தத்தை அது நினைவூட்டியது.

நமக்கு என்ன?
இப்படியொரு விழாவுக்கு முதலில் தேவை, யாரும் வந்து உட்காரக்கூடிய பொது இடம். குரோம்பேட்டை நெமிலிச்சேரி ஏரிக்கரையும், சிட்லபாக்கம் ஏரிக்கரையும் அப்படிப்பட்ட இடங்கள்தான். அது இருந்தாத்தான் கதை சொல்லவும் பறவை பார்க்கவும் பிள்ளைகள் கூட முடியும்.